விசைப்படகில் ஆட்டோபைலட் பொருத்துதல்: காம்பஸ் வைக்கும் இடம்தான் பாதி வேலை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், பழையாறு படகுகள் பழுது பார்க்கக் கரையேறும். சுக்கானைத் தானே திருப்பிப் படகைத் திசையில் நிறுத்தும் ஆட்டோபைலட்டைப் பொருத்த அதைவிட நல்ல காலம் கிடையாது. இந்தச் செய்முறை, எண்ணெய் அழுத்தத்தில் சுக்கானைத் திருப்பும் ஹைட்ராலிக் ஸ்டியரிங் உள்ள படகுக்கு.

1. பம்ப்

சுக்கான் சிலிண்டரின் கொள்ளளவை முதலில் கணக்கிடுங்கள். இருபுறமும் தண்டு நீளும் சிலிண்டரில் உள்விட்டம் 40 மி.மீ., தண்டு 16 மி.மீ., ஓட்டம் 200 மி.மீ. என்றால் சுமார் 211 மி.லி. வரும். சுக்கான் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 12 நொடியில் போக, நிமிடத்துக்கு 1 லிட்டர் தள்ளும் பம்ப் போதும். இருபக்கமும் மாறிச் சுழலும் மோட்டார் பம்பே நம் படகுகளுக்கு நல்லது. ஓயாமல் ஓடும் பம்ப் பெரிய கப்பலுக்கு உரியது. இங்கே பேட்டரியைத்தான் தின்னும்.

2. குழாய், எண்ணெய்

சிலிண்டருக்குப் போகும் இரண்டு குழாய்களிலும் டி இணைப்புப் போட்டு பம்பைச் சேருங்கள். மூன்றாவது குழாய் ஸ்டியரிங் எண்ணெய்த் தொட்டிக்குப் போகும். ஸ்டியரிங் பம்பில் பூட்டு வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆட்டோபைலட் சுக்கானை விட்டுவிட்டு ஸ்டியரிங் சக்கரத்தைச் சுற்றும். பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது, சீல் உப்பிப் போகும். காற்று முழுக்க வெளியேறும் வரை இரு கோடிக்கும் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே இருங்கள்.

3. சுக்கான் சென்சார்

சுக்கான் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்வது இது. சென்சாரின் கையும் சுக்கான் கையும் ஒரே நீளம், ஒன்றுக்கொன்று இணை. சுக்கான் நடுவில் நிற்கும்போது சென்சாரும் நடுவில் நிற்க வேண்டும்.

4. காம்பஸ்

படகு பாம்பாக நெளிந்தால் எல்லாரும் பம்பைத்தான் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி காம்பஸ். பாட்டு கேட்கும் ஸ்பீக்கரின் காந்தம், வின்ச், பம்புக்கு மின்சாரம் தரும் கம்பி, மூன்றுமே அதைக் கெடுக்கும். எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 1 மீட்டர் தள்ளி வையுங்கள். பம்புக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டினால் அவற்றின் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

இழுவலைக்காரர்கள் மறந்துவிடும் ஒன்று, பின்னால் தொங்கும், வலையை விரித்துப் பிடிக்கும் வலைப் பலகைகளின் இரும்பு. பலகை மேலே இருக்கும்போது ஒரு பிழை, கடலில் இறங்கியதும் வேறொரு பிழை. அதனால் காம்பஸை முன்பக்கமாகவே வையுங்கள். இரும்புப் படகானால் வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) கூரைக்கு மேல் ஒரு கம்பத்தில் ஏற்றுங்கள்.

படகு சாய்ந்தால் காம்பஸ் தவறும் என்று கையேடுகள் மிரட்டும். காந்த நடுக்கோடு (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோடு) தென்னிந்தியாவின் முனையை ஒட்டிப் போவதால் நாகைக் கடலில் அந்தப் பிழை ஐரோப்பாவை விட மிகக் குறைவு. ஆனாலும் காந்தப்புலத்தை மட்டும் அளக்கும் பழைய ஃப்ளக்ஸ்கேட் காம்பஸை விட, சுழல்வேகத்தையும் அளக்கும் புதிய சென்சாரையே வாங்குங்கள். அலையில் படகு திரும்பத் தொடங்கியதுமே அது உணர்ந்துவிடும்.

5. காம்பஸ் திருத்தம்

படகு கட்டும் கடுவையாற்றுக்குள் செய்யாதீர்கள், சுற்றிலும் இரும்பும் கான்கிரீட்டும். தடை முடிந்து முதலில் கடலிறங்கும் நாள், காற்று எழுவதற்கு முன், முகத்துவாரம் தாண்டி மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 2 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, குறைந்தது 2 சுற்று. பிழை 15 டிகிரிக்கு மேல் காட்டினால் திருத்திப் பயனில்லை, காம்பஸை இடம் மாற்றுங்கள்.

6. மூன்று அமைப்புகள்

1920களில் ஸ்பெர்ரி நிறுவனம் கொண்டுவந்த கைரோபைலட் என்ற கப்பல் ஆட்டோபைலட்டை மாலுமிகள் 'மெட்டல் மைக்' என்று அழைத்தார்கள். அதே காலத்தில், 1922இல், நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்ற பொறியாளர் கப்பல் தானாகத் திசை பிடிப்பதன் கணக்கை எழுதினார். தேர்ந்த சுக்கான்காரர் விலகலை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாக விலகுகிறது, எவ்வளவு நேரமாக விலகியே நிற்கிறது என்பதையும் சேர்த்தே சுக்கானைத் திருப்புகிறார். உங்கள் திரையில் இருக்கும் ரட்டர் கெயின், கவுண்டர் ரட்டர், ட்ரிம் என்ற மூன்று அமைப்புகள் முறையே அந்த மூன்றும்தான். 1970களில் சிறு படகுகளுக்கும் ஆட்டோபைலட் வந்தது, பிறகு கணினிச் சில்லுகள் வந்தன, கணக்கு மாறவில்லை.

20 டிகிரி திருப்பிப் பாருங்கள். இருபக்கமும் ஆடிக்கொண்டே போனால் ரட்டர் கெயினைக் குறையுங்கள். ஒருமுறை தாண்டிப்போய்த் திரும்பினால் கவுண்டர் ரட்டரைக் கூட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கம் இரண்டு டிகிரி தள்ளி நின்றால் ட்ரிம் குறைவு. ஒற்றைப் புரொப்பல்லர் படகுகளில் இது சகஜம். வலை இழுக்கும் 2, 3 நாட் (மணிக்கு 2, 3 கடல் மைல்) வேகத்தில் சுக்கானுக்குப் பிடிமானம் குறைவு, அதற்குத் தனியாகக் கெயின் கூட்ட வேண்டும்.

7. திசையா, தடமா

இதில் தவறினால் வலையோடு படகும் போகும். திசை முறையில் படகின் மூக்கு கிழக்கே இருக்கும், படகு கிழக்கே போகாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீரோட்டம் தெற்கே ஓடும். அது 1 நாட் என்றால் 3 மணி நேரத்தில் 3 கடல் மைல் தெற்கே இறங்கியிருப்பீர்கள், இலங்கை எல்லைக்கோட்டுப் பக்கம். கோடியக்கரைக்குக் கீழே போகிறவர்கள் ஜிபிஎஸ் இணைத்து, குறித்த கோட்டை விட்டு விலகாமல் போகும் தட முறையையே பயன்படுத்துங்கள். விலகல் எச்சரிக்கையை 0.1 மைலுக்கு வையுங்கள்.

பின்சேர்க்கை: தட முறையில் போட்டதும் படகு எதிர்ப்பக்கம் திரும்புகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். திசை முறையிலும் அப்படித்தான் என்றால் பம்ப் மோட்டாரின் இரண்டு கம்பிகளை மாற்றிக் கொடுங்கள். சுக்கான் சென்சார் தலைகீழாக இருந்தாலும் இதே கோளாறு வரும். கரையிலேயே பட்டனை அழுத்தி, சுக்கானும் திரையின் முள்ளும் ஒரே பக்கம் போகின்றனவா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.