இடைநிலைப் பேரியல் பொருளியலில் மார்க் போகும் இடங்கள்

மக்கள் எல்லோரும் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சேமிக்கத் தொடங்கினால் நாட்டின் உற்பத்தி கூடுமா, குறையுமா? குறுகிய காலத்தைப் பேசும் கீன்சிய மாடலை இப்போதுதான் முடித்த மாணவர் குறையும் என்பார். நீண்டகால வளர்ச்சியைப் பேசும் சோலோ மாடலை முடித்தவர் கூடும் என்பார். இரண்டுமே சரி, இரண்டுமே அரைகுறை. முதல் மாடலில் விலைகள் அசையாது. செலவு குறைந்தால் சரக்கு தேங்கும், உற்பத்தியைக் குறைப்பார்கள். இரண்டாவதில் விலைகள் சரிக்கட்டிக்கொள்ளப் போதுமான காலம் ஓடிவிட்டது. சேமிப்பு முழுவதும் முதலீடாகி, மூலதனம் பெருகி, உற்பத்தி உயரும்.

இந்தத் தாளில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதன் கிளைகள்தான். எந்த மாடலுக்குள் நின்று பேசுகிறோம், அதில் எதை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதைக் கவனிக்காமல் பதிலுக்குப் போய்விடுகிறோம். ஒவ்வொரு பாடம் தொடங்கும்போதும் நோட்டில் முதல் வரியாக நாலு விஷயம் எழுதி வையுங்கள்: விலை மாறுமா, மூலதனம் மாறுமா, வட்டியைத் தீர்மானிப்பது எது, வெளிநாட்டு வணிகம் உண்டா. நான் படித்தபோது இதைச் செய்யவில்லை. அரையாண்டு முழுக்க எல்லா மாடலும் ஒரே குழம்பாகத்தான் இருந்தது.

அடுத்தது கிராஃப். 1937-இல் பொருளியலாளர் ஹிக்ஸ் வரைந்த படத்திலிருந்து வளர்ந்த ஐஎஸ்-எல்எம் மாடலில் (ஐஎஸ் கோடு சரக்குச் சந்தையின் சமநிலை, எல்எம் கோடு பணச் சந்தையின் சமநிலை) பலரும் விழும் குழி ஒன்று உண்டு. அரசுச் செலவு கூடியது, ஐஎஸ் கோடு வலப்பக்கம் நகர்ந்தது, வட்டி ஏறியது. இதுவரை சரி. அப்புறம் "வட்டி ஏறியதால் முதலீடு குறையும், ஆகவே ஐஎஸ் மறுபடி இடப்பக்கம் நகரும்" என்று எழுதுவார்கள். அங்கேதான் சறுக்கல். வட்டி ஏறினால் முதலீடு குறைவது என்ற சங்கதி ஐஎஸ் கோட்டின் சரிவுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அதை இரண்டாவது முறை எண்ணக் கூடாது. அச்சில் இருக்கும் மாறி மாறினால் கோட்டின் மேலேயே நடக்கிறோம். அச்சில் இல்லாத ஒன்று மாறினால்தான் கோடே இடம் மாறும். இந்த மாடலில் அச்சில் இருப்பவை வட்டியும் வருமானமும் மட்டுமே.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று இருக்கிறது. "வட்டி குறைந்தால் உற்பத்தி கூடும்" என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் வட்டி ஏன் குறைந்தது? மைய வங்கி பண அளிப்பைக் கூட்டியதால் என்றால், எல்எம் நகர்ந்து வட்டி குறையும், உற்பத்தி கூடும். நிறுவனங்கள் நம்பிக்கை இழந்து முதலீட்டைச் சுருக்கியதால் என்றால், ஐஎஸ் இடப்பக்கம் நகர்ந்து வட்டியும் குறையும், உற்பத்தியும் குறையும். வட்டி ஒன்றுதான், முடிவு நேரெதிர். வட்டி மாடலுக்குள்ளேயே முடிவாகும் மாறி. அதைக் காரணமாக நிறுத்தி வாதத்தைத் தொடங்க முடியாது. வெளியிலிருந்து வந்த மாற்றம் எது என்று கண்டுபிடித்துவிட்டுப் பேனாவை எடுங்கள். (மைய வங்கியே வட்டியை நிர்ணயிப்பதாக எல்எம் கோட்டைக் கிடைமட்டமாக வரையும் பாடநூல்களும் இப்போது நிறைய. உங்கள் பாடத்திட்டம் எதைப் பின்பற்றுகிறது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.)

வட்டி என்றதும் எந்த வட்டி என்று கேட்கும் பழக்கமும் வேண்டும். முதலீட்டைத் தீர்மானிப்பது உண்மை வட்டி, அதாவது பெயரளவு வட்டியிலிருந்து எதிர்பார்க்கும் பணவீக்கத்தைக் கழித்தது. கையில் பணமாக வைத்திருக்க எவ்வளவு இழக்கிறோம் என்பதைச் சொல்வது பெயரளவு வட்டி. எதிர்பார்க்கும் பணவீக்கம் பூஜ்யமாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றுதான். அதன்பின் பிரியும். பெயரளவு வட்டி 2 சதவீதம், விலைகள் ஆண்டுக்கு 8 சதவீதம் விழும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்றால், கடன் வாங்குபவர் சுமக்கும் உண்மை வட்டி 10 சதவீதம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெயரளவு வட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அதை மட்டும் பார்த்தால் கடன் மலிவு என்று தோன்றும். விலைகள் அதைவிட வேகமாக விழுந்ததால் கடனின் உண்மைச் சுமை ஏறியது.

கணக்கியல் சமன்பாடுகளில் வரும் குழப்பம் வேறு மாதிரி. ஜிடிபி என்பது நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி நான்கையும் கூட்டி இறக்குமதியைக் கழித்தது. உடனே "இறக்குமதி கூடினால் ஜிடிபி குறையும்" என்று எழுதிவிடுகிறார்கள். இறக்குமதி செய்த பொருளின் மதிப்பு ஏற்கெனவே நுகர்வுக்குள்ளோ முதலீட்டுக்குள்ளோ உட்கார்ந்திருக்கிறது. உள்நாட்டில் உற்பத்தியாகாத அதை வெளியே எடுக்கத்தான் அந்தக் கழித்தல். சமன்பாடு ஒரு வரையறை, அது எதற்கும் காரணம் சொல்வதில்லை. "முதலீடு" என்ற சொல்லும் ஏமாற்றும். பங்கு வாங்குவது இங்கே முதலீடு ஆகாது. விற்காமல் கிடங்கில் தேங்கிய சரக்கு முதலீடு ஆகும். சேமிப்பும் முதலீடும் மந்தநிலையிலும் எப்படிச் சமமாகின்றன என்ற கேள்விக்கு விடை அந்தக் கிடங்கில் இருக்கிறது. அரசு தரும் ஓய்வூதியம் அரசுச் செலவில் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சோலோ மாடலில் எல்லோரும் குழப்பிக்கொள்வது மட்டமும் வளர்ச்சி விகிதமும். ஒரு தொழிலாளிக்கான உற்பத்தி, ஒரு தொழிலாளிக்கான மூலதனத்தின் வர்க்கமூலம் என்று வைப்போம். தேய்மானம் 10 சதவீதம், மக்கள்தொகையும் தொழில்நுட்பமும் மாறவில்லை. சேமிப்பு விகிதம் 20 சதவீதமானால் நிலையான நிலையில் (புது முதலீடு தேய்மானத்தைச் சரியாக ஈடுகட்டி, மூலதனம் மாறாமல் நிற்கும் இடம்) மூலதனம் 4, உற்பத்தி 2, நுகர்வு 1.6. சேமிப்பை 30 சதவீதமாக்கினால் மூலதனம் 9, உற்பத்தி 3, நுகர்வு 2.1. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் வளர்ச்சி மீண்டும் பூஜ்யம். வழியில் மட்டும்தான் வளர்ச்சி. அந்த வழியின் முதல் நாளில் என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள்: உற்பத்தி இன்னும் 2-தான், சேமிப்பு 30 சதவீதம், எனவே நுகர்வு 1.6-இலிருந்து 1.4-க்கு இறங்குகிறது. இன்றைய தலைமுறை வயிற்றைக் கட்ட, நாளைய தலைமுறை சாப்பிடுகிறது. சரி, சேமிப்பைக் கூட்டிக்கொண்டே போகலாமா? 50 சதவீதத்தில் நுகர்வு 2.5. அதுதான் உச்சம். 60 சதவீதத்தில் உற்பத்தி 6 ஆகிறது, நுகர்வோ 2.4-க்கு இறங்கிவிடுகிறது. இந்த எண்களை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, நுகர்வை உச்சமாக்கும் சேமிப்பைச் சொல்லும் 'பொன் விதி' மறக்காது.

பணவீக்கம் கூடினால் வேலையின்மை குறையும் என்று காட்டும் பிலிப்ஸ் வளைகோட்டை அசையாத ஒரு கோடாக வரைந்து, அதில் வேண்டிய புள்ளியை அரசு தேர்ந்தெடுக்கலாம் என்று எழுதுவது பழைய தவறு. பணவீக்க எதிர்பார்ப்பு மாறினால் கோடே நகரும் என்று பொருளியலாளர்கள் ஃபிரீட்மனும் ஃபெல்ப்ஸும் 1960-களின் இறுதியில் சொன்னார்கள். 1970-களில் பல நாடுகளில் பணவீக்கமும் வேலையின்மையும் சேர்ந்தே ஏறின. கூடவே இரண்டு சின்னத் தவறுகள். பணவீக்கம் 6 சதவீதத்திலிருந்து 3-க்கு வந்தால் விலைகள் குறையவில்லை, மெதுவாக ஏறுகின்றன. வட்டி 5 சதவீதத்திலிருந்து 6 ஆனால் அது 1 சதவீத உயர்வு அல்ல, 1 சதவீதப் புள்ளி உயர்வு.

கடைசியாகச் சூத்திர மனப்பாடம். நுகர்வு = 200 + 0.75 × (வருமானம் − வரி), வரி 100, முதலீடு 150, அரசுச் செலவு 150 என்றால் சமநிலை வருமானம் 1700, பெருக்கி (செலவு 1 கூடினால் வருமானம் எத்தனை கூடும் என்ற எண்) 4. அரசுச் செலவை 20 கூட்டினால் வருமானம் 80 கூடும். வரியை 20 குறைத்தால் 60-தான் கூடும், ஏனென்றால் மக்கள் அந்த 20-இல் 5-ஐ முதல் சுற்றிலேயே சேமித்துவிடுகிறார்கள். வரி நிலையான தொகையாக இல்லாமல் வருமானத்தில் 20 சதவீதம் என்று கேள்வி மாறினால் பெருக்கி 2.5 ஆகிவிடும். பெருக்கி = 1 ÷ (1 − 0.75) என்று நெட்டுருப் போட்டவர் அங்கே மாட்டிக்கொள்வார். சமநிலை நிபந்தனையிலிருந்து தொடங்கிப் போட்டவருக்கு இரண்டு வரி அதிகம், அவ்வளவுதான். விடை வந்ததும் திரும்ப வைத்துப் பாருங்கள். முதல் கணக்கில்: வரி போக 1600, நுகர்வு 1400, அதனுடன் 150, 150. மொத்தம் 1700 வருகிறதா? இந்தக் கூட்டலுக்கு அரை நிமிடம்கூட ஆகாது, பரீட்சையில் இதைச் செய்பவர்கள்தான் குறைவு.