கழிச்சல் கண்ட குட்டிக்கு ஊசி போடும் முன்

போன வெள்ளிக்கிழமை திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் புதிதாகப் பண்ணை போட்ட தம்பி ஒருவரைப் பார்த்தேன். பத்து நாள் பெட்டைக்குட்டிக்குக் கழிச்சல் என்று காலையும் மாலையும் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போடுகிறாராம். "பெரிய ஆட்டுக்குப் போடுறதுல கால்வாசியத்தான் ரெண்டாப் பிரிச்சுப் போடுறேண்ணே" என்றார். வாடிப்பட்டிப் பக்கம் ஆடு வளர்க்கத் தொடங்கிய வருடம் நானும் இதே கணக்குத்தான் போட்டேன். மூன்று குட்டிகள் போயின.

ஊசி சுத்தம், காலாவதித் தேதி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விடுகிறேன். குட்டிக்கு மருந்து கொடுப்பதில் நாம் செய்யும் மற்ற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

நீர் வற்றிய குட்டிக்கு ஜென்டாமைசின்

குட்டி என்பது சின்ன ஆடு இல்லை. பிறந்த குட்டியின் எடையில் நூற்றுக்கு 75 பங்கு அளவுக்குத் தண்ணீர். வளர்ந்த ஆட்டில் 60 பங்கு அளவு. ஜென்டாமைசின் இந்த நீரில்தான் கலந்து நிற்கும். கல்லீரல் அதை உடைக்காது. வெளியே போக வேண்டுமென்றால் சிறுநீரகம் வழியாகத்தான் போக வேண்டும். கழிச்சலில் உடம்பு நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைந்துவிடும். முதல் ஊசி மருந்து வெளியே போகும் முன்பே அடுத்த ஊசி ஏறுகிறது. சிறுநீரகச் செல்கள் அதை உறிஞ்சிச் சேர்த்து வைத்துச் சாகின்றன.

பிரித்துப் போடுவதில் இன்னொரு கேடும் உண்டு. இந்த மருந்து கிருமியைக் கொல்வது ரத்தத்தில் அதன் அளவு உச்சத்துக்கு ஏறும்போதுதான். சிறுநீரகம் தப்புவது அந்த அளவு நன்றாக இறங்கும்போது. கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வேளை போட்டால் உச்சமும் வராது, இறக்கமும் வராது.

என் குட்டி ஒன்றுக்கு மூன்றாம் நாள் கழிச்சல் நின்றது. பிழைத்துக்கொண்டது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். மறுநாள் பால் குடிக்கவில்லை, சிறுநீரும் போகவில்லை. செத்த பிறகு மருத்துவர் அறுத்துக் காட்டிய அந்த வெளிறி வீங்கிய சிறுநீரகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறார்களே, அதில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

கண் குழி விழுந்திருக்கிறதா, கிள்ளிய தோல் மடிப்பு அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல். நச்சுயிரியாலும் (வைரஸ்) ஒட்டுண்ணியாலும் வரும் கழிச்சலை இந்த ஊசி தொடவே தொடாது. வேண்டுமா, எத்தனை மணிக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பாலில் கலந்த டெட்ராசைக்ளின்

டெட்ராசைக்ளினும் கிருமிக்கொல்லிதான். பாலில் உள்ள கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் ஏறுவது குறையும்.

தழை கடிக்கும் குட்டிக்கு வாய்வழி அமோக்சிசிலின்

பால்குட்டிக்குக் குடித்த பால் நேரே நான்காம் வயிற்றுக்கு, அதாவது நான்கு அறை வயிற்றின் கடைசி அறைக்குப் போகும். மேயத் தொடங்கியதும் முதல் அறையான பெருவயிறு வேலை செய்ய ஆரம்பிக்கிறது. அப்புறம் வாய்வழி கொடுக்கும் இந்தக் கிருமிக்கொல்லி ரத்தத்தில் சரியாக ஏறாது. தழையைச் செரிக்கும் நுண்ணுயிர்களும் செத்து, அசை நின்றுபோகும்.

தொடையில் ஊசி

வேண்டாம், கழுத்தில் போடுங்கள். தொடை நரம்பில் பட்டால் கால் இழுக்கும்.

பிழைத்ததும் கறிக்கு விற்பது

ரத்தத்தில் ஜென்டாமைசின் போய்விட்டாலும் சிறுநீரகத்தில் மாதக்கணக்கில் தங்கும். நம் ஊரில் அதைக் கேட்டு வாங்கிச் சமைக்கிறவர்கள் எத்தனை பேர்! பிழைத்தால் வளர்த்து ஆடி மாதம் கறிக்குக் கொடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டார். ஊசியை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். பிழைத்தால் விற்காமல் தாயாட்டுக்கு வைத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.