ஆற்றில் இறங்குமுன் ஒரு போத்தல் தண்ணீர்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஓடும் கெசல்கமு ஓயா ஆற்றைப் பார்த்தால் யாருக்கும் இறங்கிக் குளிக்கத் தோன்றும். ஆனால் மேலே தோட்ட லயன் வீடுகளின் கக்கூஸ் குழியோ மாட்டுப்பட்டியோ இருந்தால், தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கும். அதனால்தான் சில இளைஞர்கள் சேர்ந்து மாதிரி எடுத்து ஆய்வுகூடத்துக்குக் கொடுப்பது நல்லது.

பிழை பெரும்பாலும் போத்தலில்தான் நடக்கும். கழுவிய சோடா போத்தல் சரிவராது. ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலே வேண்டும். அதை ஆற்று நீரில் அலசக் கூடாது, மூடியின் உட்பக்கம் விரல் படக் கூடாது. கரையோரத்தில் அள்ளாமல், முழங்கால் ஆழத்தில், தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, போத்தலை ஒரு சாண் ஆழத்தில் பிடித்து நிரப்புங்கள். மேலே கொஞ்சம் காற்றிடம் விடுங்கள். அப்புறம் ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நம் வளைவுப் பாதைகளில் இதுதான் பெரிய சோதனை! பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டு ஆற்றுக்குப் போங்கள்.

முடிவு வந்ததும் ஈ.கோலை (மலத்திலிருந்து வரும் குடல் கிருமி) அளவைப் பாருங்கள். குளிக்கும் நன்னீருக்கு அமெரிக்கா 2012 இல் வகுத்த ஓர் அளவுகோலின்படி, பல மாதிரிகளின் பெருக்கல் சராசரி (எண்களைக் கூட்டாமல், பெருக்கி மூலம் எடுத்துக் காணும் சராசரி) 100 மில்லிலீற்றருக்கு 126ஐத் தாண்டக் கூடாது. ஒரே மாதிரியை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெருமழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் குளியலே வேண்டாம்.

காலில் புண் இருந்தால் முடிவு நன்றாக வந்தாலும் இறங்காதீர்கள். புண் வழியே புகும் எலிக்காய்ச்சல் கிருமி இந்தச் சோதனையில் தெரியாது.