பினாங்கு கொடிமலைக்கு நண்பர்களுடன் நடந்தே ஏறுவது எப்படி?

பினாங்குக் கொடிமலையை நம்மில் பெரும்பாலோர் ரயிலில் ஏறிப் பார்த்தவர்களே. சில நிமிடங்களில் மேலே போய்ச் சேர்ந்து, குளிர்ந்த காற்றை வாங்கி, ஐஸ் கச்சாங் சாப்பிட்டுத் திரும்புவதோடு அந்தப் பயணம் முடிந்துவிடுகிறது. அதே மலையைக் காட்டின் வழியாகக் கால்நடையாக ஏறினால் அது முற்றிலும் வேறொரு மலையாகத் தெரியும். ஆனால் நகரத்தின் ஓரத்திலேயே நிற்பதாலும், உச்சியில் கடைகளும் சாலைகளும் இருப்பதாலும், இந்த ஏற்றத்தைக் காலை உலாவைப் போல எண்ணிக் கையில் ஒரு சிறு தண்ணீர்ப் புட்டியோடு கிளம்பிவிடுகிறவர்கள் பலர். தாவரவியல் பூங்காவின் வாசலிலிருந்து மேலே போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர்தான் என்றாலும், அந்தத் தொலைவுக்குள் 600 மீட்டருக்கும் மேல் உயர வேண்டியிருக்கிறது; சமதளம் என்று சொல்லத்தக்க இடம் மிகக் குறைவு. ஆகவே இதை ஒரு முழு நாளுக்குரிய மலையேற்றமாகவே திட்டமிட வேண்டும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை மிகுதி. ஜனவரியும் பிப்ரவரியும் ஒப்பீட்டளவில் வறண்ட மாதங்கள். எந்த மாதமாக இருந்தாலும் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே வருகிறது என்பதால், நண்பகலுக்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடுவது முறை. வார இறுதியையும் பள்ளி விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பாதையில் கூட்டம் இருப்பது ஒரு தொல்லையே அன்று. இறங்கும்போது ரயிலுக்கு நீண்ட நேரம் வரிசையில் நிற்க நேரும் என்பதே காரணம். தைப்பூசத்தை ஒட்டிய நாள்களில் இந்தத் திட்டமே வேண்டாம். பூங்காவுக்குச் செல்லும் ஜாலான் கெபுன் பூங்கா சாலையில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார் ஆலயமும் தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி ஆலயமும் இருக்கின்றன. இரதங்களும் காவடிகளும் பக்தர்களும் நிறைந்திருக்கும் அந்நாள்களில் அந்தச் சாலை போக்குவரத்துக்கு மூடப்படும். அந்த நாளில் தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறி முருகனை வணங்குவதே சரியான மலையேற்றம்.

நடந்து ஏறுவதற்கு வழிகள் பல உண்டு. முதன்முறை வருகிற நண்பர் குழுவுக்கு நான் பரிந்துரைப்பவை இரண்டே. ஒன்று, பூங்காவின் வாசலுக்கு அருகே தொடங்கி உச்சிவரை தார் போடப்பட்ட ஜீப் பாதை. வழி தவறும் பேச்சே இல்லை. ஆனால் நிழல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், சரிவு கடுமையானது, கெண்டைக்கால் விடாமல் இழுக்கும். மற்றொன்று, பூங்காவுக்குச் சற்று முன்பாகச் சாலையோரத்தில் நிற்கும் வட்ட வடிவச் சீன வாயிலான மூன் கேட்டிலிருந்து காட்டுக்குள் நுழையும் மண்பாதை. வேர்களும் கற்படிகளும் நிறைந்த அந்தப் பாதை, ‘84’ என்று மலையேறிகள் எண்ணாலேயே அழைக்கும் ஓய்விடத்தின் அருகே ஜீப் பாதையோடு சேர்கிறது. இரண்டில் எது என்று கேட்டால், மூன் கேட்டில் தொடங்கி 84 வரை காட்டுக்குள் ஏறி, அங்கிருந்து ஜீப் பாதையில் மேலே செல்வதையே நான் சொல்வேன். வெயில் ஏறுவதற்கு முன் நிழலில் பாதி உயரத்தைக் கடந்துவிடலாம். இளைப்பாறவும், மேற்கொண்டு போவதா என்று முடிவெடுக்கவும் நடுவில் நல்ல இடம் ஒன்று கிடைக்கிறது. முந்தைய இரவு பலத்த மழை பெய்திருந்தால் மண்பாதையை விட்டுவிட்டு ஜீப் பாதையையே எடுங்கள். 2017 நவம்பர் மாதப் பெருமழையில் இந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்து ஜீப் பாதையும் சேதமடைந்தது. எனவே கிளம்புவதற்கு முன் பாதைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், வாயிலில் தடுப்போ அறிவிப்போ இருந்தால் அதை மதித்துத் திரும்புவதும் கட்டாயம். கேபிள் கார் கட்டுமானப் பணிகளும் பூங்கா வட்டாரத்தில் நடந்து வருவதால், பழைய வழிகாட்டுதல்களை மட்டும் நம்பிச் செல்ல வேண்டாம்.

வண்டியை எங்கே விடுவது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். நடை தொடங்கும் இடம் தாவரவியல் பூங்கா. ரயிலில் இறங்கும் இடம் ஆயர் ஈத்தாம் பக்கத்திலுள்ள கீழ் நிலையம். இரண்டும் மலையின் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன; களைத்த கால்களோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்க முடியாது. எல்லாரும் ஆளுக்கொரு காரில் பூங்காவுக்கு வந்துவிட்டு, மாலையில் கீழ் நிலையத்தில் நின்று விழிக்கும் குழுக்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் கிராப் வண்டியிலோ 10-ஆம் எண் பேருந்திலோ பூங்காவுக்கு வந்து, மாலையில் கீழ் நிலையத்திலிருந்து கொம்தார் வழியாகப் படகுத்துறை செல்லும் 204-ஆம் எண் பேருந்தில் திரும்புவது எளிது.

இனி, உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வடிந்துகொண்டே இருப்பதால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒரு புட்டியாவது இருக்கட்டும். வாழைப்பழம், வேர்க்கடலை, பொட்டலம் கட்டிய நாசி லெமாக் ஆகியவை வழிக்குப் போதும். பையில் மாற்றுச் சட்டை ஒன்றை நெகிழித்தாளில் சுற்றி வையுங்கள். மேலே சமவெளியைவிடச் சில டிகிரி குளிராக இருக்கும், நனைந்த சட்டையோடு காற்றில் உட்கார்ந்தால் உடல் நடுங்கும், நனைந்த உடையோடு ஆலயத்துக்குள் போகவும் மனம் வராது. மெல்லிய மழை அங்கி, கொசு மருந்து, கட்டுத்துணி, முழுவதும் மின்னேற்றிய கைப்பேசி, மைகார்டு அடையாள அட்டை, சிறிது ரொக்கம் ஆகியவற்றோடு பட்டியல் முடிகிறது.

காலணியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலேசிய மலையேறிகள் பலர் விரும்பி அணிவது ‘கம்போங் அடிடாஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் மலிவான கறுப்பு ரப்பர்க் காலணி. ஈர மண்ணிலும் வேர்களிலும் அதைப் போலப் பிடிமானம் தருவது வேறில்லை. நனைந்தாலும் உடனே வடிந்துவிடும். ஆனால் அதன் அடிப்பாகம் மெல்லியது. 84-க்கு மேல் தார்ச்சாலையில் நடக்கும்போது பழக்கமில்லாதவர்களின் குதிகால் வலிக்கும். ஆகவே வழக்கமாக மலை ஏறாத நண்பர்கள், தேயாத பள்ளங்கள் உள்ள சாதாரண நடைக்காலணியைத் தடித்த காலுறையோடு அணிவதே நல்லது. புதிதாக வாங்கிய காலணியை அன்றுதான் முதன்முறையாக அணிவது கொப்புளத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

சூரியன் பினாங்கில் காலை ஏழு மணிக்குப் பிறகே உதிக்கிறது. எனவே ஏழு மணிக்கு மூன் கேட்டில் எல்லாரும் கூடி, வெளிச்சம் வந்தவுடன் நடக்கத் தொடங்குவது சரியாக இருக்கும். தொடங்குவதற்கு முன் இரண்டு செய்திகளை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். யாருக்காவது முழங்கால் வலி, ஆஸ்துமா, இரத்த அழுத்தம், நீரிழிவு உண்டா, மருந்து கையில் இருக்கிறதா என்பது ஒன்று. நம்மவர்களில் நீரிழிவு பரவலாக இருந்தும், நண்பர்கள் முன் அதைச் சொல்லக் கூச்சப்படுகிறோம். வெறும் வயிற்றில் மருந்தைப் போட்டுக்கொண்டு ஏற்றத்தில் நடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரக்கூடும் என்பதால், அந்த நண்பர் உணவு உண்டாரா என்று கேட்பதும், ஒரு பொட்டலம் இனிப்பை இன்னொருவர் பையில் வைப்பதும் நட்பின் கடமை. நடை வரிசை மற்றொன்று. வேகமாக நடப்பவர் முன்னே போக, மெதுவாக நடப்பவர் கடைசியில் தனியே தவித்து வருவதுதான் பெரும்பாலான குழுக்களின் கதை. முன்னே சென்றவர்கள் ஓய்விடத்தில் உட்கார்ந்து காத்திருந்துவிட்டு, பின்னவர் வந்தவுடன் எழுந்து புறப்படுகிறார்கள். ஓய்வு மிகவும் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக, மெதுவாக நடப்பவரை இரண்டாவது இடத்தில் நிறுத்தி, அவர் மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் முதல் ஆள் நடக்க வேண்டும். அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வர வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

மூன் கேட்டைக் கடந்ததும் ஏற்றம் உடனே தொடங்கிவிடுகிறது. முதல் அரை மணி நேரம்தான் மிகக் கடினம்; உடல் சூடாகாத அந்த நேரத்தில் ‘என்னால் முடியாது’ என்று சொல்லும் நண்பர், ஒரு மணி நேரத்துக்குப் பின் இயல்பாக நடப்பதைக் காண்பீர்கள். படிகள் உயரமாக இருக்கும் இடங்களில் பாதம் முழுவதையும் பதித்து ஏறுங்கள். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். காய்ந்த இலைகளுக்கு அடியில் வேர் வழுக்கும் என்பதால் வேரின்மேல் மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். வழியில் தகரக் கூரையிட்ட ஓய்விடங்கள் வரும். இவற்றைப் பேணுபவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்த தன்னார்வலர்கள். தண்ணீரையும் பொருள்களையும் தாங்களே சுமந்து வந்து, அடுப்பு மூட்டித் தேநீர் வைத்து, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் இந்த மலையில் நெடுங்காலமாக இருக்கிறது. கோப்பையைக் கழுவி வைப்பதும், உண்டியலில் இயன்றதைப் போடுவதும், குப்பையை நம் பையிலேயே கொண்டு செல்வதும் அவர்களுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. காலையில் எதிர்ப்படும் சீன முதியவர்கள் ‘சோசான்’ என்று வணக்கம் சொல்வார்கள். நின்று பதில் சொல்லுங்கள்.

ஓய்வுகளோடு சேர்த்து ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்தில் 84-ஐ அடையலாம். இங்கே இருபது நிமிடமாவது உட்காருங்கள், எல்லாரும் சாப்பிடட்டும். தண்ணீரில் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டதா, யாருக்காவது தலைச்சுற்றலோ நெஞ்சு இறுக்கமோ இருக்கிறதா, வானம் கறுக்கிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் ஜீப் பாதை வழியாகப் பூங்காவுக்கு இறங்கிவிடலாம். ஒருவர் திரும்ப நேர்ந்தால் அவரைத் தனியே அனுப்பக் கூடாது; இன்னொருவர் கட்டாயம் துணை செல்ல வேண்டும். நெஞ்சு வலி போன்ற அவசரத்தில் இறக்கி நடத்த முயலாமல் 999-ஐ அழைத்து, இருக்கும் இடத்தைச் சொல்லி அங்கேயே காத்திருங்கள். ஜீப் பாதையில் வண்டி வரும் என்பது பெரிய வசதி.

84-க்கு மேல் காடு பின்வாங்கிச் சாலை மட்டும் மிஞ்சுகிறது. இந்தப் பகுதியில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். அகலம் இடம் தரும் பகுதிகளில் நேராக ஏறாமல் இடமும் வலமுமாகக் குறுக்கே நடந்தால் சரிவின் கடுமை குறையும். மலைவாசிகளின் ஜீப்புகள் வளைவுகளில் திடீரென்று வரும். அங்கு மட்டும் ஓரமாக ஒற்றை வரிசையில் செல்ல வேண்டும். நிழல் விழும் வளைவுகளில் பாசி படிந்திருக்கும், ஆகவே சக்கரத் தடத்தின் மேலேயே நடங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உடைய லூத்தோங் குரங்குகளைக் கிளைகளில் பார்க்கலாம். அவை நம்மைப் பொருட்படுத்துவதில்லை. நீண்ட வாலுடைய கெரா குரங்குகளோ நெகிழிப்பையின் சத்தத்துக்கே ஓடிவரும். எதையும் கொடுக்கக் கூடாது. பூங்காவில் உணவளிப்பது தடை செய்யப்பட்டது, அபராதமும் உண்டு. உணவைக் கையில் வைத்திருக்காமல் பைக்குள் மூடி வைத்து, கண்ணுக்குக் கண் பார்க்காமல் நடந்து சென்றாலே போதும். 2021-இல் யுனெஸ்கோ இந்த மலையையும் சுற்றியுள்ள காடுகளையும் கடற்பகுதியையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தப் பெருமையைக் காப்பது இங்கே நடப்பவர்களின் கையிலும் இருக்கிறது.

மேலும் ஒன்றரை மணி நேரத்தில் உச்சிப் பகுதிக்கு வந்துவிடலாம். மலைத்தொடரின் மிக உயர்ந்த இடம் 833 மீட்டர். ரயில் நிலையமும் கடைகளும் இருக்கும் கொடிக்கம்பக் குன்று அதைவிடத் தாழ்ந்தது, ஆனால் காட்சி இங்கேதான். வானம் தெளிவாக இருந்தால் ஜார்ஜ்டவுனும், 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலமும், வடக்கே கெடாவின் ஜெராய் மலையும் தெரியும். முதலில் சட்டையை மாற்றி, தண்ணீர் குடித்து, பிறகு அருளொளி திருமுருகன் ஆலயத்துக்குச் செல்லுங்கள். பள்ளிவாசலும் அருகிலேயே இருக்கிறது. இரண்டின் முன்னும் குரலைத் தாழ்த்திப் பேசுவது நல்லது. மதிய உணவை மேலேயே முடித்துக்கொள்ளலாம்.

இறங்குவதற்கு ரயிலையே எடுங்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். ஏறும்போது உழைப்பது நெஞ்சும் தொடையும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடலின் எடை முழங்காலில் இறங்குகிறது. களைத்த தசைகளால் அதைத் தாங்க முடியாது. செங்குத்தான தார்ச்சாலை அதற்கு மிகக் கொடியது. முன்பு மேட்டுக்குடியினர் டோலியிலும் குதிரையிலும் ஏறிய இந்த மலைக்கு 1923-இல் மலை ரயில் வந்தது. இப்போது ஓடுவது 2011-இல் தொடங்கிய புதிய வண்டி. மேல் நிலையத்திலேயே ஒருவழிச் சீட்டு வாங்கலாம். மலேசியர்களுக்குக் கட்டணம் குறைவு என்பதால் மைகார்டைக் கையில் வைத்திருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் காத்திருப்பும் குறையும், மழைக்கும் தப்பலாம். இடி முழங்கத் தொடங்கினால் காட்சி மேடைகளையும் தனி மரங்களையும் விட்டு விலகிக் கட்டடத்துக்குள் இருங்கள்.

கீழ் நிலையத்துக்கு வந்ததும் எல்லாரும் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். அடுத்தடுத்த ரயில்களில் இறங்கி வருகிறவர்களுக்காகக் காத்திருந்து, கால்களை நீட்டி ஐந்து நிமிடம் தளர்த்திய பிறகு பேருந்தில் ஏறுங்கள். மறுநாள் தொடை வலிக்கும். சிறிது தூரம் மெதுவாக நடந்தால் அந்த வலி சற்றுத் தணியும்.