மறுமண வீட்டில் யார் மஹ்ரம்?

தங்கையின் மறுமணத்தின்போது அவளுடைய 13 வயது மகளுக்காக நான் எழுதிக் கொடுத்த ஒழுங்கு இது.

உம்மாவுடன் தாம்பத்தியம் தொடங்கியபின் மாற்றுத் தந்தை நிரந்தர மஹ்ரம், அதாவது என்றைக்கும் மணமுடிக்க விலக்கப்பட்ட உறவு (குர்ஆன், அந்நிஸா 4:23). பிறகு தலாக் ஆனாலும் அது மாறாது. அவர் முன்னால் முக்காடு கட்டாயமில்லை.

அந்த உறவு அவருடைய தம்பிக்கோ மகனுக்கோ நீளாது. இங்கேதான் பல வீடுகள் தடுமாறுகின்றன. தம்பியைச் சாச்சா (சித்தப்பா) என்று அன்பாக அழைக்கட்டும்; ஆனால் முக்காடு வேண்டும், தனியறையில் இருவர் மட்டும் இருக்கக்கூடாது. மாற்றுத் தந்தைக்கு முன்பே பிறந்த மகனோடு நிகாஹ்கூட (திருமணம்) ஆகுமானது. 'காக்காதானே' (அண்ணன்தானே) என்று ஒரே அறையில் படுக்க வைக்காதீர்கள். பெண்பிள்ளையின் அறைக்கு உள்தாழ்ப்பாள் போடுங்கள். அதட்டாமல் காரணத்தைச் சொல்லுங்கள், பிள்ளைக்குப் புரியும்.

பையன்களுக்கு வாப்பாவின் மனைவி நிகாஹ் முடிந்தவுடனே மஹ்ரம். அந்த மனைவியின் தங்கை மஹ்ரம் அல்லர்.

பெற்ற தந்தையின் பெயரே பிள்ளையோடு இருக்கட்டும் (அல்அஹ்ஸாப் 33:5). மாற்றுத் தந்தையிடம் வாரிசுப் பங்கு கிடையாது. அவர் சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வஸிய்யத் (உயில்) எழுதச் சொல்லுங்கள்.