மாலத்தீவில் சின்ன ரிசார்ட்டில் தங்குவது: பணம் கட்டும் முன்பும், தீவில் இறங்கிய பின்பும்

முப்பது நாற்பது வில்லா மட்டுமே உள்ள ஒரு தீவில் அடுத்த தெரு என்பது கிடையாது. சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்கு நடக்க முடியாது. அறை பிடிக்கவில்லை என்றால் வேறு ஹோட்டல் தேட முடியாது. படகு கூட ரிசார்ட்டுடையதுதான். அதனால் இந்தப் பயணத்தில் பாதிக்கு மேல் வேலை பணம் கட்டும் முன்பே முடிந்துவிட வேண்டும். கேட்க வேண்டியதை ஈமெயிலில் கேளுங்கள், பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டல் குறி

அறை வாடகை 400 டாலர் என்று போட்டு, பக்கத்தில் ++ என்று இருந்தால் அது முழு விலை இல்லை. முதலில் 10% சர்வீஸ் சார்ஜ் சேரும்: 440. அந்தத் தொகைக்கு 17% சுற்றுலா ஜிஎஸ்டி: 514.80. (2025 ஜூலைக்கு முன் இது 16% ஆக இருந்தது. பழைய பதிவுகளில் உள்ள கணக்கை நம்ப வேண்டாம்.) இதோடு பசுமை வரி, ரிசார்ட்டில் தலைக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். ஆக இருவருக்கு ஓர் இரவு 538.80 டாலர். சர்வீஸ் சார்ஜும் ஜிஎஸ்டியும் சேர்ந்த இந்த 28.7% தீவில் நீங்கள் வாங்கும் காபி, மசாஜ், படகுச் சவாரி எல்லாவற்றுக்கும் உண்டு. மெனுவில் உள்ள விலையை 1.287 ஆல் பெருக்கிப் பார்த்தால் பில் வரும்போது அதிர்ச்சி இருக்காது.

மது குடிக்காதவர்களுக்கு 'ஆல் இன்க்ளூசிவ்' பெரும்பாலும் நஷ்டம். அதில் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மதுவுக்குத்தான் போகிறது. மூன்று வேளைச் சாப்பாடு அடங்கிய 'ஃபுல் போர்டு' போதும். 'ஹாஃப் போர்டு' எடுத்தால் மதியச் சாப்பாடு உங்கள் செலவு, அதுவும் மெனு விலையில். டிசம்பர் 24, 31 இரவு விருந்துக்குத் தனியாகக் கட்டாயக் கட்டணம் வாங்கும் இடங்கள் நிறைய. அந்த நாட்களில் தங்குவதாக இருந்தால் முதலிலேயே கேளுங்கள்.

சீப்ளேனா, ஸ்பீட் போட்டா

பலர் இடறுவது இங்கேதான். விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போக, தண்ணீரில் இறங்கும் சிறு விமானமான சீப்ளேன் அல்லது ஸ்பீட் போட். சீப்ளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் மாலேயின் வேலனா விமான நிலையத்தில் மாலை 3.30க்குள் இறங்கினால்தான் அன்றே தீவுக்குப் போக வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகு வந்தால் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு தங்க வேண்டும். ரிசார்ட்டில் அந்த இரவுக்கும் பணம் கட்டியிருந்தால் அது பெரும்பாலும் போனதுதான். சீப்ளேனில் போய்வர தலைக்கு 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதற்கு மேல் கிலோ கணக்கில் காசு. புறப்படும் நேரம் முந்தின நாள் மாலைதான் உறுதியாகும்.

மூன்று, நான்கு இரவுதான் தங்கப் போகிறீர்கள் என்றால், மாலேக்குப் பக்கத்தில் வடக்கு மாலே, தெற்கு மாலே பவளத்திட்டுகளில் ஸ்பீட் போட் போகும் தீவையே எடுங்கள். பணமும் மிச்சம், அரை நாளும் மிச்சம். இரவிலும் படகு ஓட்டுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். படகில் பின்பக்கம் உட்காருங்கள். அலையில் முன்பக்கம்தான் தூக்கிப் போடும். முதுகுவலிக்காரர்களும் கர்ப்பிணிகளும் முன் இருக்கைக்குப் போகவே கூடாது.

தீவின் எந்தப் பக்கம்

சூரியன் மறையும் பக்கத்து வில்லாவுக்கு விலை அதிகம். ஆனால் அந்த விலை எல்லா மாதமும் நியாயம் இல்லை. ஏறக்குறைய டிசம்பர் முதல் ஏப்ரல் வரை காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. அப்போது மேற்குக் கரை கண்ணாடி மாதிரி இருக்கும். மே முதல் அக்டோபர் வரை அடிப்பது தென்மேற்குக் காற்று, நம் மீனவர்கள் கச்சான் என்பார்களே, அதுதான். அப்போது மேற்குக் கரையில் அலை மோதும், மேகம் சூரியனை மறைக்கும். கூடுதல் பணம் கொடுத்து இரைச்சலை வாங்கியதாக ஆகும். அந்த மாதங்களில் கிழக்குப் பக்கம் எடுங்கள், குளிக்கவும் நீந்தவும் அமைதியான தண்ணீர் கிடைக்கும்.

மணலும் காற்றோடு இடம் மாறும். ஒரு பருவத்தில் அகலமான கடற்கரையாக இருந்த இடம் அடுத்த பருவத்தில் மணல்மூட்டை அடுக்கிய சுவராக இருக்கலாம். "நான் வரும் மாதத்தில், இந்த எண் வில்லாவின் முன் எடுத்த படம் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். நல்ல ரிசார்ட் அனுப்பிவிடும்.

பெட்டி கட்டும்போது

மது, பன்றி இறைச்சி, வேப் கருவி (மின் சிகரெட்) எதுவும் நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. வழிபாட்டுக்கான சிலைகளுக்கும் தடை உண்டு. பையில் வழக்கமாக இருக்கும் சின்னப் பிள்ளையாரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா இலவசம், இறங்கியதும் தருவார்கள். விமானத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' (IMUGA) என்ற அரசுத் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் அதேபோல. அதற்குக் கட்டணம் இல்லை. காசு கேட்டால் அது போலித் தளம்.

மாலே நேரம் நம் நேரத்துக்கு அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் வெளிச்சத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருக்கும். போனில் தானாக மாறும் நேரத்தை நம்பினால் படகைத் தவறவிடுவீர்கள்.

தண்ணீரில்

ஸ்நார்க்கலிங் (மூச்சுக்குழாய் வைத்து நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலடியைப் பார்ப்பது) மாஸ்க்கை வாங்கும்போதே சோதியுங்கள். வார் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை எடுத்த பிறகும் விழாமல் ஒட்டி நின்றால் அது உங்கள் அளவு. மீசை அடர்த்தியாக இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும். மேலுதட்டில் கொஞ்சம் வாசலின் தடவினால் அடைபடும். கண்ணாடியின் உள்பக்கம் எச்சில் தேய்த்து அலசினால் பனி படியாது. முழுக்கை லைக்ரா சட்டை கட்டாயம் போடுங்கள், இல்லையென்றால் அரை மணி நேரத்தில் முதுகு வெயிலில் வெந்துவிடும்.

பவளப்பாறைக்கு இறங்க, கயிறோ கம்போ வைத்து வழி குறித்திருப்பார்கள். நீரோட்டம் இன்று எந்தப் பக்கம் என்று டைவ் சென்டரில் கேட்டு, ஓட்டத்தை எதிர்த்துத் தொடங்கி, ஓட்டத்தோடு திரும்புங்கள். மாற்றிச் செய்தால் களைத்திருக்கும் நேரத்தில் எதிர்நீச்சல் போட நேரும். மணலில் கூடு கட்டிக் காக்கும் பெரிய டைட்டன் டிரிகர் மீன் முதுகு முள்ளை நிமிர்த்தினால், மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகுங்கள். அது காப்பது கூட்டிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு வடிவ எல்லையை. மேலே போகப் போக அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். டைவிங் செய்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணி நேரமாவது இருக்கட்டும். சீப்ளேனுக்கும் இதே கணக்குதான்.

சாப்பாட்டில் ஒன்று. சைவம் என்று சொன்னால் மட்டும் போதாது, "மாஸும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மாலத்தீவு மொழியான திவேகியில் மாஸ் என்றால் மீன். நம் ஊர் மாசிக்கருவாடு அங்கிருந்து வந்ததுதான். காலையில் தேங்காய்த் துருவலும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு வைக்கும் மாஸ் ஹுனி பார்ப்பதற்குத் தேங்காய்ப் பொரியல் மாதிரி இருக்கும். அதில் இருப்பது சூரை மீன்.

கிளம்புவதற்கு முந்தின இரவே பில்லை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். படகு ஏறும் அவசரத்தில் யாராலும் சரிபார்க்க முடியாது. கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளை அங்கேயே போட்டுவிடுங்கள், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள்.