சேம்பிலையும் அம்மியும்: சொரசொரப்பைப் பற்றிச் செய்யும் தவறுகள்

எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால், வரப்போரச் சேம்பிலையில் தண்ணீர் முத்து முத்தாய் உருளும். புதிதாகக் கொத்திய அம்மியில் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள், உடனே பரவிவிடும். இரண்டும் சொரசொரப்பானவைதான். ஆகவே "சொரசொரப்பாக்கினால் தண்ணீர் ஒட்டாது" என்று எழுதும் மாணவரிடம் நான் முதலில் கேட்பது, எந்தப் பொருளை என்றுதான்.

வென்சல் 1936-இல் தந்த சமன்பாடு இதைத்தான் சொல்கிறது. உண்மையான பரப்பளவு, மேலிருந்து பார்க்கும் பரப்பளவைப்போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணால் சேர்கோணத்தின், அதாவது துளியின் விளிம்பு பரப்போடு நீருக்குள் ஆக்கும் கோணத்தின், கொசைனைப் பெருக்க வேண்டும். மடங்கு 1.5 என்றால் 60 பாகை ஏறக்குறைய 41 ஆகக் குறையும். 110 பாகையோ 121 ஆகக் கூடும். நனையும் பரப்பு இன்னும் நனையும், விலக்குவது இன்னும் விலக்கும்.

ஆனால் இதையே சேம்பிலைக்கும் போட்டுவிடக் கூடாது. இலையை வாளித் தண்ணீரில் அமுக்கினால் வெள்ளிபோல் மின்னும். மெழுகு மேடுகளுக்கு இடையே சிக்கிய காற்று அது. துளி பாதி காற்றின்மேல் உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் காற்றையும் சேர்த்துக்கொண்டு கேசியும் பாக்ஸ்டரும் 1944-இல் தந்த கணக்கே பொருந்தும்.

சரி, துளியை விட்டு மெல்லிய படலத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் அதிகம் தடுமாறுவது இங்கேதான். காற்றின் ஈரத்தைப் பரப்பு கவர்ந்துகொள்கிறது, எடை கூடுகிறது, அந்த எடையை மாதிரியின் நீள அகலத்தால் வகுத்து "படலத்தின் தடிமன்" என்று எழுதிவிடுகிறார்கள். உண்மைப் பரப்பு அதைவிடப் பெரியது என்பதால் தடிமன் கூடிப்போகும். அதோடு, குழிகள் முதலில் நிரம்பிவிடுகின்றன. 25 டிகிரி வெப்பநிலையில் ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம் என்றால், நன்றாக நனையும் சுவர்கொண்ட 10 நானோமீட்டர் ஆரமுள்ள நுண்துளையில் நீராவி தானாகவே நீராகிவிடும். மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து அளந்தால், நீங்கள் எடை போடுவது பெரும்பாலும் குழித் தண்ணீரைத்தான்.

படலம் மேடுபள்ளத்தை அப்படியே போர்த்தும் என்று நம்புவதும் பிழை. மிக மெல்லியதாக இருக்கும்வரை மூலக்கூறு ஈர்ப்பு அதைப் பரப்போடு ஒட்டவைக்கும். தடிமன் ஏற ஏற, பரப்பு இழுவிசை மேல்முகத்தைச் சமன் செய்யும். அப்போது மேட்டில் மெல்லிசாகவும் பள்ளத்தில் தடியாகவும் இருக்கும். துளிக்கு உரிய வென்சல் மடங்கை இங்கே இழுத்துவரக் கூடாது. சோதிக்கும் பொருள் பொடியாக இருந்தால், 77 கெல்வினில் நைட்ரஜனைக் கவரவைத்து, புருனர், எம்மெட், டெல்லர் மூவரின் 1938 முறையில் உண்மைப் பரப்பளவை முதலில் கண்டுபிடியுங்கள்.

அப்புறம், மேடுபள்ள உயரத்தின் சராசரியான சராசரிச் சொரசொரப்பு என்ற ஒற்றை எண்ணை நம்பி நிற்காதீர்கள். அகலமான அலைகளுக்கும் நெருக்கமான ஊசி முனைகளுக்கும் அந்த எண் ஒன்றாகவே வரலாம். பரப்பளவு மடங்கோ வெகுவாக வேறுபடும். முகடுக்கு முகடு உள்ள தூரத்தையும் சேர்த்துக் குறித்துவையுங்கள்.